பன்னிரண்டு முழம்

மெர்க்கா
ஹிஜ்ரி 1353, ரஜப் 6

அன்புள்ள சமதருக்கு,

சலாம். நலமே. நோன்புப் பெருநாளையொட்டிப் பிரசவம் இருக்கும் என்கிறார்கள். போன தடவை பிள்ளையைப் பறிகொடுத்ததை நினைத்து வீட்டில் எல்லோரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம்போல வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கட்டிக்கொள்ளப் பன்னிரண்டு முழம் வெள்ளைத் துணி அனுப்புங்கள். உங்கள் கையால் அளந்து வாங்குங்கள். நம் கல்யாணத் துணி எடுத்த அன்று கடைக்காரர், "இது கையா, படகுத் துடுப்பா? இவன் அளந்தா என் கடையே காலியாயிடும்!" என்று அலறினாரே, அந்தக் கையால்.

எப்போது வருவீர்கள்?

தஹபோ

ஏடன்
ஷஃபான் 11

அன்புள்ள தஹபோவுக்கு,

துறைமுகத்தில் நிலக்கரி மூட்டை தூக்கும் வேலை ஓயவில்லை. இப்போது வர வழியில்லை. கேட்ட துணியை என் கையாலேயே அளந்து அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

சமதர்

மெர்க்கா
ஷவ்வால் 20

சமதருக்கு,

மகன் பிறந்திருக்கிறான். உங்களைப் போலவே நீளக் கை.

துணியைக் கல்யாணத் துணியோடு சேர்த்து விரித்துப் பார்த்தேன். அதுவும் பன்னிரண்டு, இதுவும் பன்னிரண்டு. முழத்துக்கு மூன்று விரல் குறைகிறது. "நனைஞ்சு சுருங்கியிருக்கும்டி" என்கிறாள் அக்கா. கோடித் துணி எங்கே நனைந்தது?

இது யார் கை? வேறொருத்தி அளந்தாளா? அப்படியானால் அவளுக்குக் கை குட்டை என்று சொல்லுங்கள். இல்லை, வேலையில் கை போய்விட்டதா? போனால் போகட்டும், வந்துவிடுங்கள். பிள்ளையைத் தூக்க ஒரு கை போதும்.

தஹபோ

ஏடன்
துல்கஅதா 15

தங்கச்சி தஹபோவுக்கு,

அது என் கை. நான் ரோப்லே, சமதரோடு ஒரே அறையில் இருந்தவன்.

நீ துணி கேட்டு எழுதியபோது அவன் காய்ச்சலில் இறந்துபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. "போன பிரசவம் மாதிரி ஆயிடக் கூடாதுடா. புள்ள பொறக்குற வரைக்கும் அவகிட்ட சொல்லாத" என்று கடைசியில் என் கையைப் பிடித்துக் கேட்டான். எங்கள் இருவருக்கும் எழுத வராது. அவனுக்கு எழுதித் தருபவரிடமே போய் அவன் பெயரில் எழுதச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு, தங்கச்சி.

கடைக்காரர் முகம் சுளிக்கும் அளவுக்குக் கையை எட்டி நீட்டித்தான் அளந்தேன். ஆனாலும் என் கை குட்டைதான். அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவனைச் சுற்றி அடக்கம் செய்த கஃபன் துணியையும் நான்தான் அளந்து வாங்கினேன். கால் மூடவில்லை. என் தோள்துண்டைச் சேர்த்துப் போர்த்தினோம்.

ரோப்லே