நைனாவின் மண்முகம்

3-11-79, சனி
நல்ல வெயில். ஒன்பதாம் வகுப்பு டிராயிங் நோட்டு இன்னும் திருத்தவில்லை. களிமண்ணில் நைனாவின் முகம் முடிந்தது. தலைமுடிக்குப் பதில் நெத்திலிக் கூட்டம், காதுக்குச் சங்கு. மூக்குக்கு மட்டும் கண்ணாடி பார்த்துக்கொண்டேன். என் மூக்கு அவருடையதுதான்.

நைனாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கடலுக்குப் போய் நாலு வருஷம், உடம்பு கரைக்கு வரவில்லை. அம்மா குப்பத்தில் இன்னும் காத்திருக்கிறாள், காரியம் செய்ய விடமாட்டேன் என்கிறாள். "அவரு மூஞ்சியக் காட்டுங்க, அப்பறம் செய்யலாம்." அண்ணன் பேஜாராகி விட்டுவிட்டான். சரி, நான் காட்டுகிறேன்.

4-11, ஞாயிறு
அதைச் சுடச் சூளை கேட்டு, பானை செய்யும் கோதண்டத்திடம் போனேன். ஏரி மண்ணில் எங்கள் கரைக் கிளிஞ்சலை இடித்துக் கலந்திருப்பதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா டீச்சர்! கிளிஞ்சலு சூளைல சுண்ணாம்பாப் பூடும். அப்பறம் ஈரம் பட்டா வெடிச்சிக்கினு வரும். வேற மண்ணுல செய்ங்க."

அதெல்லாம் பானைக்கு என்றேன். படித்த திமிர். நைனா நடந்த கரை அதில் இருக்க வேண்டும் எனக்கு.

11-11, ஞாயிறு
சூளை பிரித்தோம். ஒரு கீறல் இல்லை! நைனா முறைக்கிறார், அப்படித்தான் முறைப்பார். சனிக்கிழமை வரச்சொல்லி அம்மாவுக்குக் கார்டு.
வாங்க: மண்ணெண்ணெய், வெற்றிலை, குடைக்குக் கம்பி.

14-11, புதன்
மூன்று நாளாய் மழை. சுவரெல்லாம் ஓதம். நைனா கன்னத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி. துடைத்தேன், சில்லு கையோடு வந்தது. பயமாக இருக்கிறது.

16-11, வெள்ளி
மூக்கு போய்விட்டது. இடது கண், உதடு பாதி. கோதண்டம் வந்து பார்த்தார், உதிர்ந்த சில்லுகளைப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

17-11, சனி
பதினோரு மணி பஸ்ஸில் அம்மா. நாஷ்டா வேண்டாம் என்றாள். துணி போட்டு மறைக்கப் போனேன், அதற்குள் பார்த்துவிட்டாள். எதிரில் உட்கார்ந்து மூக்கு இருந்த இடத்தைத் தடவினாள். ரொம்ப நேரம்.

"மீனு தின்னுட்ச்சிடி."

கரையில் ஒதுங்கிய உடம்புகளை எத்தனையோ பார்த்தவள்.

"எங்கியோ நல்லாக் கீறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சுண்ணாம்பு அம்மா, என் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அண்ணனுக்குத் தந்தி குடு, நாளைக்கே காரியம் என்றாள். போர்த்த வேட்டி கேட்டாள். இல்லை. பெட்ஷீட் கொடுத்தேன்.