கூரை திறந்த காரில் உப்புவெளி வரை

என் அன்பு அண்ணா,

களைத்துப் போயிருக்கிறேன். ஆனாலும் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் பத்திரிகையில் எழுதிவந்த கார் பக்கத்தை இப்போது நான்தான் எழுதுகிறேன். பெற்றோலுக்கு வரிசையில் நிற்கிற ஊரில் இதை யார் வாசிக்கிறார்கள்? உங்களுக்காவது தெரிந்திருந்ததா?

இன்று கிடைத்தது கூரையை மடித்து வைக்கிற ஆடம்பர ஸ்போர்ட்ஸ் கார். கிண்ணியா ஊர் ஹாஜியார் ஒருவர் கொழும்பில் வாங்கிக் கொண்டுவந்து, விற்க முடியாமல் டவுனில் நிறுத்தி வைத்திருக்கிறார். "வாங்குறதுக்கு ஆளில்ல தங்கச்சி. பேப்பர்ல நல்லதா நாலு வார்த்த எழுதுங்க" என்றார். சிவப்பு நிறம், தோல் இருக்கை, கால் பட்டாலே சீறுகிற எஞ்சின். உப்புவெளி வரை ஓட்டினேன். இராணுவத்தின் வீதித் தடைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனதில் இரண்டாம் கியரைத் தாண்டவேயில்லை. வேகத்தைப் பற்றி நான் என்னத்தை எழுத?

அண்ணியையும் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிக்கொண்டு போனேன். உங்களுக்குப் பிறகு அவர் எந்த வாகனத்திலும் ஏறியதில்லை. கோயிலுக்கும் சந்தைக்கும் நடைதான்.

இந்தப் பக்கத்துக்காகக் கடைசியாக ஒரு காரை எடுத்துப் போன அன்று, மழைக்கு நீங்கள் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு ஓட்டினீர்கள். புதுக் கார் என்றால் எஞ்சின் சத்தத்திலேயே காதை வைத்திருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? காவலரணில் நிற்கச் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை. சுட்டுவிட்டார்கள்.

அதே காவலரணை இன்று நெருங்கியபோது அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். சிப்பாய் சிங்களத்தில் நிற்கச் சொன்னான். நிறுத்தினேன். மற்ற வாகனங்களில் வருகிறவர்களை இறக்கி நடக்க விடுவார்கள். எங்களை மேலும் கீழும் பார்த்தான், போகச் சொல்லிவிட்டான். கூரை திறந்த இந்தக் காரில் ஒளிக்க என்ன இருக்கிறது?

கொஞ்சத் தூரம் போன பிறகு அண்ணி கேட்டார். "தேவி, அவன் நிக்கச் சொன்னது உமக்குக் கேட்டதோ?"

"ஓம் அண்ணி, வடிவாக் கேட்டது."

"எனக்கும் கேட்டது. அவருக்கு மட்டும்..." வீடு வரும்வரை அழுதார். நானும்தான்.

ஹாஜியார் கேட்ட நாலு வார்த்தைக்கு எனக்குத் தெம்பில்லை அண்ணா. ஆனால் ஒன்றைக் கட்டாயம் எழுதுவேன். ஆசிரியர் வெட்டினாலும் திரும்பத் திரும்ப எழுதுவேன், இது சத்தியம்: "எந்த மழையென்றாலும் இந்தக் காரின் கூரையை மூடாதீர்கள். நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்."

இன்னும் உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கும்,
உங்கள் தங்கச்சி தேவி