ஆண் என்று பிடித்த காடை

வரதய்யபாளையம்,
ஆடி மாதம், 1960.

அன்புள்ள தாட்சாயணிக்கு, கோவர்த்தனன் எழுதுவது. நானும் குழந்தை கங்காவும் சௌக்கியம். செங்கல்பட்டுத் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். காய்ச்சிக் குடி.

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வரவா, அங்கேயே இருக்கவா, ஆடி முடிவதற்குள் தலைமையாசிரியைக்குச் சொல்ல வேண்டும் என்கிறாய். பங்குனியில் நம் ஊரை ஆந்திராவில் சேர்த்ததிலிருந்து எனக்கு எதுவும் தெளிவாக இல்லை. தாலுகா ஆபீசில் தெலுங்கில் கேட்கிறார்கள், நான் தமிழில் சொல்கிறேன், இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்கிறோம். தமிழ் டீச்சர் என்று உன்னை மெட்ராஸ் பக்கம் போட்டது சரிதான். ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு ராஜ்யம் எப்படி ஆயிற்று என்று யாரைக் கேட்பது?

ரத்னம்மா அக்கா தினமும் பிடித்துக்கொள்கிறாள். “பொட்டப் புள்ளைய ஆம்பள வளத்துக்கினு இருக்கறது எந்த ஊர்லடா உண்டு, அவளை வரச்சொல்லி எழுது” என்கிறாள். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. அப்படியே எழுதிவிடலாம் என்று இருந்தபோதுதான் இந்தக் காடை சமாச்சாரம்.

கடலைக் கொல்லை வரப்போரம் ஒரு ஜோடி. சின்னது, மங்கலானது, முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பெரியது கழுத்து கறுத்து எடுப்பாக இருக்கும். கொல்லை முழுக்க உறுமிக்கொண்டு திரியுமே தவிர, முட்டைப் பக்கம் எட்டிப் பார்க்காது. பொறுப்பில்லாத அப்பன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. காடை பிடிக்கிற ஏழுமலையிடம் கண்ணி வாங்கி வைத்து, அதைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்தேன். காலையில் கூடையைத் தூக்கினால், ஆண் என்று பிடித்தது முட்டை போட்டிருக்கிறது.

எனக்குத் தலை சுற்றியது. அப்படியானால் அங்கே அடைகாப்பது அப்பனா? ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இத்தினி வருசம் புட்சி துன்னதோட சரி நைனா, எது ஆம்பள எது பொம்பளன்னு யாரு பாத்தா” என்கிறான். உடனே திறந்து விட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி, பக்கத்துக் கொல்லையில் போய் உறுமுகிறது. வேறு ஜோடி தேடுகிறது என்று அக்கா சிரிக்கிறாள். உன்னைச் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

குஞ்சு பொரித்துவிட்டது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அப்பன்காரன் பூச்சியை அலகில் பிடித்துக்கொண்டு மெல்லக் கூப்பிடுகிறது, அதுகள் ஓடி வந்து வாங்கிக்கொள்கின்றன. கங்காவும் நானும் வேலை வெட்டியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காடையைப் பார்த்துக் குடும்பம் நடத்த முடியாது, தெரியும். ஆனாலும் அக்கா சொன்னதை எழுதக் கை வரவில்லை. நீ வேலையை விட வேண்டாம். வேலையில் இருக்கிறேன் என்றே தலைமையாசிரியையிடம் சொல்லிவிடு. இது சரியா தப்பா என்று நாளைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது.

தீபாவளிக்கு லீவு கொடுப்பார்கள் அல்லவா? முன்னாலேயே கொடுத்தாலும் வந்துவிடு. ஒரு விஷயம், வந்ததும் மனம் நோகாதே. கங்கா என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். திருத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் கூப்பிட்டால் நானும் என்னம்மா என்று போய்விடுகிறேன். ஒரு நடை வந்து, அம்மா நீதான் என்று அவளுக்குக் காட்டிவிட்டுப் போ.

உன் வரவை எதிர்பார்க்கும்,
கோவர்த்தனன்