செவ்வாய்க்கிழமை விருந்தாளிகள்

பிப்ரவரி 6, செவ்வாய்

மூன்று மணிக்கு முதல் கூட்டம். மார்பகப் புற்றுநோய் வந்து பிழைத்த பெண்களுக்கு இணையத்திலேயே மன ஆலோசனையாம். மாவட்ட ஆஸ்பத்திரி நர்ஸ் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். இருபத்தேழு வருடமாகக் கணக்கு டீச்சர் நான். எனக்கே ஆலோசனையா என்ற எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரரிடம் கல்வித்துறைப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் பையனின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பையன் தலைநகர் பிஷ்கெக்கில் படிக்கிறான். போன ஏப்ரலில் வலது மார்பை எடுத்த பிறகு நான் படுப்பதும் இந்த அறையில்தான். இந்த மெத்தை இடுப்புக்கு நல்லது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆலோசகி மேரிம், என் பழைய மாணவிகள் வயசு. திரையில் வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதானே! விரிப்புப் போட்டு, ரொட்டி, எண்ணெயில் பொரித்த போர்சோக், பாலாடை, தேநீர் எல்லாம் வைத்திருந்தேன். பார்த்தால் மற்ற இருவரும் அதையேதான் செய்திருக்கிறார்கள். ஓஷ் நகரத்து சபீரா பிலாவ் சோறு வைத்திருந்தாள். நாரினில் இருக்கும் உல்கான் அக்கா, அறுபத்தெட்டு வயசு, ஆட்டுக்கறியே வேகவைத்துவிட்டார்.

“சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு மூச்சைக் கவனிங்க,” என்றாள் மேரிம்.

“வயித்தைக் காயப்போட்டுட்டு மூச்சை வேற கவனிக்கணுமாடி தங்கம்?” என்றார் அக்கா.

முடிவில் மேரிம் திரையை அணைக்கப் போனாள். “ஏய், ஆசி சொல்லாம விரிப்பை விட்டு எந்திரிப்பியா?” என்று அக்கா போட்ட சத்தத்தில் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்கா ஆசி சொல்ல, நான்கு பேரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டோம். அதன் பிறகே விடுதலை.

வீட்டுப்பாடம்: தினமும் ஐந்து நிமிடம் கண்ணாடி முன் சட்டையில்லாமல் நிற்க வேண்டும். எனக்கே வீட்டுப்பாடம்!

பிப்ரவரி 8, வியாழன்

செய்யவில்லை. கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடினேன். வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துச் சவரம் செய்து தாடையைக் கிழித்துக்கொண்டார். துண்டு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எதையுமே கேட்பதில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

உல்கான் அக்கா வீட்டுப்பாடம் செய்தாராம். “ரெண்டு நிமிஷம் பாத்தேன். மூணாவது நிமிஷம் கண்ணாடில அழுக்கு தெரிஞ்சுது. தொடைக்க உக்காந்துட்டேன்.”

சபீரா மார்பு இருந்த இடத்துக்கு உள்ளாடைக்குள் தினையைத் தைத்து வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனாளாம். தையல் விட்டுத் தினை சிந்த, வீடு வரைக்கும் தெருக் கோழிகள் பின்னாலேயே வந்தனவாம். “ஊர்லயே என் பின்னாடி இத்தன பேரு வந்ததில்லக்கா!” என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரர், “பயிற்சில என்ன சொல்லித் தர்றாங்க?” என்றார்.

“பின்னம்.”

“பின்னத்துக்கா அந்தச் சிரிப்பு?”

பிப்ரவரி 16, வெள்ளி

வீட்டுக்காரர் தன் தம்பியிடம் யோசனை கேட்டிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் இணையத்தில் கூடினால் ஒன்று புது மதமாம், இல்லை வைட்டமின் விற்கிற சங்கிலிக் கம்பெனியாம். நேராகக் கேட்பாரா? பக்கத்து ஊரில் ஒருத்தி இப்படித்தான் மாட்டையே விட்டாள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நம் மாடு பத்திரமாக இருக்கும் என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்



நடுக் கூட்டத்தில் கதவு படாரென்று திறந்தது. வாசலில் வீட்டுக்காரர். அவர் மாட்டு வைத்தியர், நேராகத் தொழுவத்திலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்திருக்கிறார். “இந்தக் கம்பெனிக்கு யாரு தலைவி? வெளிய வரச் சொல்லு!” என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

உல்கான் அக்கா அசையவே இல்லை. “விரிப்புப் போட்டிருக்கு, தம்பி. முதல்ல ரொட்டி எடுத்துக்க.”

விரித்த ரொட்டியைத் தாண்டிப் போக எங்கள் ஊரில் எந்த ஆணுக்குத் தைரியம் உண்டு? பூட்ஸைக் கழற்றினார். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். ஆசி சொல்லும்வரை எழுந்திருக்க முடியாது, கூட்டம் முடிய இன்னும் நாற்பது நிமிடம்.

“வாங்க மச்சான், நாங்கல்லாம் உங்க பொண்டாட்டியோட புற்றுநோய் சிநேகிதிங்க,” என்றாள் சபீரா. அவர் முகம் வெளுத்துவிட்டது.

அவரை வெளியே அனுப்பவா என்று மேரிம் என்னைக் கேட்டாள். ஆமாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஏனோ வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது. அவரைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே சொன்னேன்: “எனக்கு இடுப்பு வலியெல்லாம் ஒண்ணுமில்ல. அவரு பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சிட்டாருன்னா? அதான் தனியாப் படுக்கறேன்.”

 அவரும் என் பக்கம் திரும்பவில்லை. உல்கான் அக்காவிடம் சொன்னார்: “ஆபரேஷன் அன்னைக்கு ஒரு குதிரைக்கு வயித்து வலி, அக்கா. நான் சாயங்காலந்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தேன். அந்தக் கோவத்துலதான் இவ ரூம் மாறிட்டான்னு நெனச்சேன். எப்படிக் கேக்கறது?”

பத்து மாசம்! ஒரே வீடு, ஒரே அடுப்பு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாரினில் ஓர் அக்கா தேவைப்பட்டிருக்கிறது. அட மடச்சி. அட மடையா.

ஆம்பளை இருக்கும்போது நீயே சொல் என்று அக்கா ஆசியை அவர் தலையில் கட்டிவிட்டார். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. உள்ளங்கைகளை விரித்து, “ஆடுமாடு பெருகட்டும், குட்டிங்க நோயில்லாமப் பொறக்கட்டும்...” என்று ஆரம்பித்தவர் திணறினார். பிறகு மெல்ல, “இந்த நாலு பொம்பளைங்களும் கெழவியாகட்டும்,” என்றார்.

சபீரா அழுதாள். எப்போதும் சிரிக்கிறவள். மேரிமும் அழுதாள், அது அவள் பாடத்தில் இருக்கிறதா தெரியவில்லை.

பிப்ரவரி 21, புதன்

 வீட்டுக்காரர் இரண்டு கோப்பை தேநீர் கூடுதலாகக் குடித்தார்.

மார்ச் 2, சனி

குளியல் நாள். முற்றத்து நீராவி அறைக்கு வழக்கம்போல் கடைசியாக, தனியாகப் போனேன். சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம்.

“முதுகு தேய்க்க ஆளு வேணுமா?”

வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.

முதுகை நன்றாகத் தேய்த்தார், குதிரைக்குத் தேய்க்கிற மாதிரி. அப்புறம் நானாகவே திரும்பினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.  எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“இந்தத் தையல் யாரு போட்டது?”

“பிஷ்கெக் டாக்டரம்மா.”

“நல்ல கை. நான் போட்டிருந்தா இவ்ளோ நேரா வந்திருக்காது.” ஈர விரலால் தழும்போடு ஒவ்வொரு தையல் தடமாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். “பதினெட்டு.”

அவர் எண்ணிக்கையை நான் என்றைக்கு நம்பியிருக்கிறேன்? கண்ணைத் திறந்து, குனிந்து, நானே முதலிலிருந்து எண்ணினேன்.

பத்தொன்பது.