சத்தமாகப் பேசத்தான் சொல்லிக்கொடுத்தேன்

மார்ச் 3

என் செல்லத் தங்கைக்கு,

ஆறு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் காகிதம். கிழித்துப் போடுவதற்குள் ஒரு வரியாவது கண்ணில் படுமே. நீயும் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு முட்டிவலி. உன் அத்தான் பாதி ஆளாகிவிட்டார். வெளியே தலைகாட்ட முடியவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியப்பா தப்பாகத் தொட்டார் என்று பத்து வயது வாலு சொன்னால், வீட்டுக்குள் உட்கார்ந்து விசாரிக்க மாட்டோமா? ஊர் சிரிக்கக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாய். வக்கீல்கள் அவளைக் குடைந்து எடுப்பார்களே. பிள்ளையை எப்படித் தயார் செய்கிறாய்? அதையாவது எழுது. நான் அவளுக்குப் பெரியம்மா இல்லையா?

என்றும் உன் நன்மையையே நினைக்கும்
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடக் கூடாது என்று எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நீ. உன் கையெழுத்தைப் பார்த்தால் கோபம்கூட ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது.

அத்தான் பாதி ஆளான கதையை எனக்கு எழுதாதே. வாய் ஓயாதவள் என்று நீதானே வாலுவைக் கேலி செய்வாய்? இப்போது கேட்டால்தான் பேசுகிறாள். குளிக்கப் போனால் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறாள்.

கோர்ட்டில் பிள்ளைகளுக்குத் துணையிருக்கவே ஒருவர் இருக்கிறார். வாலு அவருக்குத் துணையம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். போன வாரம் ஆளில்லாத நேரத்தில் எங்களுக்கு அறையைச் சுற்றிக் காட்டினார். திரை போடுவார்களாம், அத்தான் முகத்தை அவள் பார்க்க வேண்டியதில்லை. நடந்ததைப் பற்றி வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.

தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளைப் பதில் சொல்லப் பழக்குகிறேன். சத்தமாகப் பேசு, புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல், தாகமாக இருந்தால் தண்ணீர் கேள். அவ்வளவுதான். நேற்று கரடி பொம்மைதான் வக்கீல். "நீங்க கேட்டது புரியல சார்" என்று அதனிடம் சொன்னாள். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம்.

முட்டிக்கு மருந்து போடு.

அன்புடன்
தங்கை


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

வாலு சாட்சி சொல்லி முடித்துவிட்டாள். உன்னை உள்ளே விடவில்லை, வராந்தாவில் உட்கார்ந்திருந்தாய். உங்கள் வக்கீல் எதைச் சொன்னாரோ, எதை விழுங்கினாரோ. நான் முழுதாக எழுதுகிறேன்.

அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். என் கடிதம். "தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளைப் பதில் சொல்லப் பழக்குகிறேன்" என்று படித்துவிட்டு மடித்துக்கொண்டார். மிச்சத்தை எங்கள் வக்கீல் எழுந்து கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை.

"அம்மா சொல்லிக்குடுத்ததைத்தானே பாப்பா இங்க சொல்ற?"

"இல்ல சார். அம்மா சத்தமாப் பேசத்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"நெஜம்னா அம்மாவுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது சொல்லியிருப்பியே. சொல்லலதானே?"

வாலு தண்ணீர் கேட்டாள். நிதானமாகக் குடித்தாள்.

"சொன்னேன் சார். பெரியம்மாகிட்ட. மூணாவது படிக்கறப்போ. அம்மாகிட்ட சொன்னா அம்மா செத்துப்போயிடுவாங்கன்னு பெரியம்மா சொன்னாங்க."

துணையம்மா அவளைத் தொடக் கூடாது, தொடவில்லை. நான் எழுந்திருக்கக் கூடாது, எழுந்திருக்கவில்லை.

கடிதத்தை நீ கொடுத்ததைக்கூட என்றாவது மன்னித்திருப்பேன், புருஷனைக் காப்பாற்றப் பார்த்தாய் என்று.

அவள் இப்போது ஐந்தாவது. நடுவில் இரண்டு வருடம். லீவு விட்டதும் நீதான் போன் செய்வாய், "நீ வேலைக்குப் போயிட்டா பிள்ளைய யாரு பாத்துக்குவா, இங்க கொண்டு வந்து விடு" என்று. ஒவ்வொரு லீவுக்கும் நானே கொண்டு வந்து விட்டேன். நீ வாசலுக்கு வந்து அவள் பையை வாங்கிக்கொண்டாய்.

வாலுவின் அம்மா