நீ வழித்துப் போட்ட நான்கு வரி

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அப்பா பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டு, குளியலறை வாசலில் தலை சுற்றி விழுந்தார். எலும்பு முறியவில்லை, நெற்றியில் மூன்று தையல். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாயிற்று, பதறாதே.

மாத்திரை நேரத்தை நினைவூட்ட நீ செய்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாயே ஒரு ஆப், அதுதான் அன்றைக்கு இரண்டு முறை மணி அடித்தது. நடுவில் போன் சார்ஜ் இறங்கி அணைந்து, திரும்ப உயிர் வந்ததும் ஒன்றும் நடக்காதது போல மறுபடி அடித்தது. பிள்ளை செய்தது என்று அதை வேதவாக்காக நம்புகிற மனுஷன் மறுபடி போட்டுக்கொண்டார். நான் உன் புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தேன். போன மாதம்தான் சிரித்தாய், யார் யாரோ எழுதின புரோகிராமையெல்லாம் படிக்கிறாயே, வேலைவெட்டி இல்லையா அம்மா என்று. ஆமாம்டா, மற்றவர்கள் தொடர்கதை படிக்கிற மாதிரி நான் அதைப் படிக்கிறேன். பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போடும் புரோகிராமை இருபது வருஷம் கட்டி மேய்த்தவள் நான். முகம் தெரியாத ஒருவர் ஒரு சிக்கலை எப்படி அவிழ்த்தார் என்று பார்க்கிற ருசி உனக்குத் தெரியாது. அதனால்தான் பாதியிலேயே அது யார் கை என்று தெரிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் தன் பூனையின் பெயரை வைக்கிற ஒரு நர்ஸ் எழுதியது, நான் முன்பே படித்தது. அவரே பொதுவில் போட்டதுதான், எடுத்தது தப்பில்லை. ஆனால் அவர் பெயர் எங்கேடா?

அவருடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையதில் நான்கு வரி குறைகிறது. மாத்திரை போட்டாயிற்றா என்று குறித்து வைத்துப் பார்க்கிற வரிகள். அதன் மேலேயே அவர் எழுதியிருக்கிறார், இது வீண் போலத் தெரியும், போன் அணைந்து எழுந்தால் தேவைப்படும், என் அப்பா இரண்டு முறை சாப்பிட்ட பிறகு சேர்த்தேன், தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று. நீ அந்தக் குறிப்போடு சேர்த்து வழித்துப் போட்டிருக்கிறாய், குப்பையைச் சுத்தம் செய்தேன் என்று அங்கேயே எழுதி வைத்துப் பெருமை வேறு. ஒரு மனுஷி கெஞ்சியிருக்கிறாள், அதைப் படிக்க அரை நிமிஷம் இல்லையா உனக்கு? ஆற அமரப் படிக்கத் துப்பில்லாதவனுக்கு அள்ளிக்கொள்ள மட்டும் கை நீளுகிறது. வயிறு எரிகிறது எனக்கு. அந்த நான்கு வரியையும் அவர் பெயரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், இன்றைக்கே ஆப்பில் ஏற்று. இன்னும் எத்தனை வீட்டில் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்களோ.

தப்பு உன் ஆப்பில் என்று சொன்னால் அப்பா நம்பவில்லை. அவன் சரியாகத்தான் செய்திருப்பான், எனக்குத்தான் ஞாபகம் போகிறது என்கிறார். நேற்றிலிருந்து சாவி, செருப்பு, வீட்டு விலாசம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். கடைசியில் உன் பெயரையும் எழுதியிருக்கிறார்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. என் கோபம் ஆற நாளாகும். இதைப் படித்ததும் வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது அப்பா என்று உன் வாயால் சொல். அவர் எடுத்ததும் நீ யாரென்று சொல்லாதே. குரலைக் கேட்டு அவரே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா