ஒரே சாயங்காலத்தில் எட்டுத் தடவை ஓநாய்

பைன் ஹாலோ, விஸ்கான்சின்
நவம்பர் 6, வியாழன்

தென்துருவத்துச் சமையற்கட்டைக் கட்டி ஆளும் அன்னலீஸுக்கு உன் தாய்மாமன் ஓர்வில் எழுதிக்கொள்வது. நானும் என் முட்டிவலியும் சண்டை சச்சரவில்லாமல் சௌக்கியம், எதிர் வீட்டில் உன் புருஷன் டேலும் உன் மகள் லோட்டியும் சௌக்கியம், அங்கே நீயும் உன் அடுப்பும் நீ சோறு போடும் விஞ்ஞானிகளும் உறைந்துபோகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் எப்படியென்றால், உங்கள் ஊர்ப் பென்குவின் ஒன்று வழிதவறி வந்தால் வாசலில் நின்று ஸ்வெட்டர் கேட்கும். நேற்றுக் காலை நான் விட்ட கொட்டாவி மோவாயிலேயே உறைந்து தொங்கியது, சுத்தியால் தட்டித்தான் எடுத்தேன்.

சினிமா மாலை எப்படி நடந்தது என்று டேல் உனக்குப் போனில் சொல்லியிருப்பான், ஆனால் அவன் சொன்னதில் உனக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது, நோவா காலத்து வெள்ளத்தையே "மழ பெஞ்சுது, நின்னுச்சு" என்று முடித்துவிடுகிற ஆள் அவன். அதோடு இதில் நான் செய்த ஒரு திருட்டுத்தனமும் இருக்கிறது, அதை நானே என் கையால் எழுதுவதுதான் மரியாதை. உன் ஒன்பது வயதிலிருந்து உன் காய்ச்சலுக்கும் கணக்குப் பாடத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

ஆரம்பம் உனக்குத் தெரிந்ததுதான். ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஹாலோவீனில் என் வாசல் சருகுக் குவியலுக்குள் ஓநாய் முகமூடியோடு நான் படுத்திருந்ததும், ஒரு எறும்பு என் காதில் குடித்தனம் வைத்துப் பேரன் பேத்தி எடுத்ததும், மிட்டாய் வாளியோடு மூன்று வயது லோட்டி வந்ததும், நான் எழுந்ததும். அவள் போட்ட சத்தத்தில் மூன்று பண்ணை தள்ளியிருந்த மாடுகளுக்கு மடியிலேயே பால் திரிந்து சீஸ் ஆகிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குழந்தை தெருவைத் தாண்டி என் வீட்டுப் பக்கம் ஒரு அடி வைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்று, அயல்நாட்டு மன்னருக்குக் காட்டுவது போல, அளவாகக் கை காட்டுவாள், அவ்வளவுதான். இத்தனை நாள் பக்கத்து வீட்டுப் பெவர்லி அம்மையார் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து அவளை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மையாரோ நவம்பர் மூன்றாம் தேதி அரிசோனா வெயிலுக்குக் கிளம்பினால் இனி ஏப்ரலில்தான் வருவார். டேலுக்குச் சீஸ் ஆலையில் ஐந்தரை மணிவரை ஷிஃப்ட். மூன்றேகால் மணிக்கு வரும் பஸ்ஸுக்கு இந்தத் தெருவில் மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். "அவ உங்க வீட்டுக்கு வரலேன்னா நான் வேலைய விட்டுட்டு அடுத்த ப்ளேன்ல ஏறிடுவேன் மாமா" என்று நீ போனில் சொன்னாய். ஆறு வருஷம் மனுப்போட்டு வாங்கிய வேலை. சருகுக்குள் படுத்த ஒரு கிழவனால் அது போகக் கூடாது என்றுதான், குழந்தைகளுக்குப் பயமே தராத ஹாலோவீன் சினிமா மாலை என்று என் கார் ஷெட்டில் ஏற்பாடு செய்தேன்.

ஏற்பாடு என்றால் இரண்டு உலகப் போர்களுக்கும் சேர்த்துக்கூட இவ்வளவு திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். தணிக்கை அதிகாரி பெவர்லி அம்மையார். முதலில் நான் ஒரு சூனியக்காரி படம் சொன்னேன், மூக்கு கூர்மை என்று தள்ளிவிட்டார். எலும்புக்கூடு ஆடுகிற படம் சொன்னேன், "எலும்புக்கூடுன்னா யாரோ செத்திருக்காங்கன்னுதானே அர்த்தம், புள்ள கேட்டா நீயா பதில் சொல்லுவ" என்றார். இப்படியே பதினேழு படங்கள் மாண்டன. கடைசியில் மிஞ்சியது, ஒரு வௌவால் குடும்பம் காணாமல் போன கம்பளித் துண்டைத் தேடுகிற இருபத்திரண்டு நிமிடப் படம். அதையும் நான் நான்கு தடவை முன்கூட்டிப் பார்த்து, குழந்தை பயப்படக்கூடிய இடங்களை நிமிடக் கணக்கோடு எழுதித் தர வேண்டுமாம். எழுதினேன். ஒன்பதாவது நிமிடத்தில் ஆந்தை தலையைத் திருப்புகிறது. பதினான்கில் காற்று அடிக்கிறது. அதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் போட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டார் அம்மையார். ஷெட் கதவு திறந்தே இருக்க வேண்டும், விளக்கு பாதி எரிய வேண்டும், யாரும் முகத்தை மூடக் கூடாது, அழ நினைக்கிறவர்களுக்குத் தனி மூலையும் தலையணையும். நான் என்ன வேஷம் கட்டலாம் என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம் ஓர்வில். நீ நீயா வந்தாலே பாதிப் புள்ளைங்க பயந்துடும்" என்றார்.

லோட்டி வர ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் தகப்பன் மூலமாகக் கேள்வி அனுப்ப ஆரம்பித்தாள். முதல் கேள்வி, சருகுக் குவியல் இன்னும் இருக்கிறதா. அன்று மதியமே என் வாசலில் இருந்த கடைசி இலைவரை கூட்டி ஊர் உரக்கிடங்கில் கொட்டினேன், மரத்தில் தொங்கிக்கொண்டு யோசித்த நாலு இலைகளையும் ஏணி போட்டுப் பறித்தேன், என் தலை தவிர இவ்வளவு வழுக்கையான இடம் இந்த மாநிலத்திலேயே கிடையாது. இரண்டாவது கேள்வி, அந்த மூஞ்சி எங்கே. "குப்பைல போட்டாச்சுன்னு சொல்லு" என்றேன் டேலிடம். பொய் அன்னலீஸ். அது ஷெட்டிலேயே, அலமாரி உச்சியில், மீன்பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அந்த ரோமத்தையும் பல்வரிசையையும் பார்த்தால் நீயும் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். பாதிரியாரை ஒரு தடவை பயமுறுத்திவிட்டுப் போட்டுவிடலாம் என்று வைத்திருந்தேன்.

அக்டோபர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. சுவரில் வெள்ளை விரிப்பு, நூலகத்தில் இரவல் வாங்கிய புரொஜெக்டர், பூசணிக்காய் வடிவத்தில் வெட்டிய சீஸ் டோஸ்ட், சூடான ஆப்பிள் சாறு, ஆறு குழந்தைகள். அதில் நாலு வயது க்ளைட் டிராக்டராக வந்திருந்தான், உட்கார முடியாது, நின்றபடியே பார்த்தான். படம் ஆரம்பித்த பிறகு எதிர் வீட்டுக் கதவு திறந்தது. லோட்டி உன்னைப் போலவே வேஷம் போட்டிருந்தாள், வெள்ளைத் தொப்பி, ஏப்ரன், கையில் உன் பெரிய சூப்புக் கரண்டி. தெருவுக்கு அந்தப் பக்கமே மடக்கு நாற்காலியை விரித்து, டேலைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, என் ஷெட்டுக்குள் ஓடும் படத்தை அங்கிருந்தே பார்த்தாள். ஆந்தை தலையைத் திருப்பியது. அவள் எழுந்து நாற்காலியை மடித்துக்கொண்டு, டேல் கையைப் பிடித்து, தெருவைத் தாண்டி என் வாசல் ஓரத்தில் மறுபடி விரித்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் மூச்சு விடவில்லை, விட்டால் அவள் பறந்துவிடுவாள் போல இருந்தது.

அங்கிருந்து கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "தாத்தா, அந்த மூஞ்சி எங்க?" என்றாள். குப்பையில் என்றேன். "எந்தக் குப்பைல? செவ்வாக்கிழம லாரி உன் தொட்டியக் கொட்டினப்ப நான் ஜன்னல்லேந்து பாத்தேன். பேப்பர்தான் விழுந்துச்சு" என்றாள். அன்னலீஸ், உன் மகள் ஐந்து வயதில் போலீஸ் உத்தியோகத்துக்குத் தயார். பெவர்லி அம்மையார் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இங்கேதான் இருக்கிறது என்று சொன்னால் ஏழு குழந்தைகளும் ஊரை எழுப்புவார்கள், நீ விமானத்தில் ஏறுவாய். இல்லை என்று இன்னொரு தடவை சொன்னால் அவள் நாற்காலியை மடித்துக்கொண்டு போய்விடுவாள், பிறகு என் பேச்சை அவள் ஜென்மத்துக்கும் நம்ப மாட்டாள். "இங்கதான் இருக்கு லோட்டி. நான் பொய் சொன்னேன்" என்றேன். என் அறுபத்தெட்டு வருஷத்தில் அவ்வளவு மெலிந்த குரல் எனக்கு வந்ததில்லை.

"எடு" என்றாள். "எடுத்தே, உன்னத் தொலச்சுடுவேன்" என்றார் அம்மையார். "எடு" என்றாள் மறுபடி, கரண்டி அசையவில்லை. ஐஸ் பெட்டியை இறக்கினேன். மெதுவாகப் போட்டுக் காட்டச் சொன்னாள். மோவாய்வரை வந்ததும் "நிறுத்து. இப்ப யாரு?" என்றாள். "ஓர்வில்தான்" என்றேன். மூக்குவரை வந்ததும் "இப்ப?" "இப்பவும் ஓர்வில்தான்." முழுசாக மூடியதும் ரொம்ப மெல்லமாக "இப்ப?" "ஓர்வில்தாம்மா" என்றேன் உள்ளேயிருந்து. "கழட்டு" என்றாள். கழற்றினேன். "திருப்பிப் போடு" என்றாள். இப்படி எட்டுத் தடவை ஓநாயாகி எட்டுத் தடவை மனிதன் ஆனேன், காட்டில் இருக்கும் ஓநாய்க்குக்கூட அத்தனை உழைப்பு கிடையாது. ஒவ்வொரு தடவைக்கும் அவள் ஓரடி கிட்டே வந்தாள். எட்டாவது தடவை கரண்டியால் என் மூக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள மீன் நாத்தம் அடிக்குதா?" என்றாள். அடிக்கிறது என்றேன். "அதுக்குத்தான் அன்னிக்கி அப்டி கத்துனியா?" என்றாள். இதை நான் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அன்று அவள் அலறியதில் பயந்து நானும் அலறினேன், வாளி என் காலில் விழுந்தது, ஷெட்டுக்குள் முதலில் ஓடி ஒளிந்தது நான்தான். "ஆமா, ரெண்டு பேரும்தான் கத்துனோம்" என்றேன். அவள் தலையாட்டினாள், எனக்கும் பயம் வரும் என்று ஒப்புக்கொண்டவளைப் போல.

பிறகு முகமூடியைத் தான் போட்டுக்கொண்டாள், இடுப்புவரை வந்தது, தொப்பி உள்ளே மாட்டிக்கொண்டது. உடனே மற்ற ஆறும் வரிசையில் நின்றன. டிராக்டருக்கு மட்டும் தலையில் ஏறவில்லை, முன் விளக்கில் மாட்டிவிட்டோம். சிவப்பு மஞ்சள் அட்டை ஆப்பிள் சாற்றில் மிதந்தது, அழுவதற்கான தலையணையில் யாரோ சீஸ் டோஸ்ட்டை வைத்து மிதித்திருந்தார்கள். வௌவால் படத்தை மறுபடி ஓடவிட்டு, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர் பெவர்லி அம்மையார் ஒருவர்தான், துண்டு கிடைத்த இடத்தில் மூக்கைச் சிந்தினார். போகும்போது லோட்டி முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இது என்கிட்ட இருக்கட்டும். வேணும்னா கேளு, யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

இந்தத் திங்கட்கிழமை அம்மையார் அரிசோனாவுக்குப் பறந்துவிட்டார். செவ்வாய் மூன்றேகாலுக்கு வாசல் ஓரத்தில் நின்றேன், பஸ் வரும் சத்தம் கேட்டதும், முகம் முழுசாகத் தெரியட்டும் என்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். இறங்கினாள். "கையக் காட்டு" என்றாள், காட்டினேன். "திரும்பு" என்றாள், திரும்பினேன். சோதனை முடிந்ததும் எனக்கு முன்னால் நடந்து என் வீட்டுக் கதவைத் தானே திறந்து உள்ளே போனாள். இரண்டு டோஸ்ட் தின்றாள், என் ராசியான நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். இன்று மூன்றாவது நாள். அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறேன், என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "நான் தெருவத் தாண்டிட்டேன்னு எழுது. சூப்புக் கரண்டி என்கிட்ட இருக்குன்னும் எழுது" என்றாள்.

ஆகையால் நீ எந்த விமானத்திலும் ஏற வேண்டாம், பிப்ரவரி முடிய அங்கேயே இருந்து விஞ்ஞானிகளைக் குண்டாக்கு. இரட்டைக் காலுறை போடு, ஈரக் கையோடு வெளியே போகாதே, பாத்திரம் கழுவுகிறவனிடம் சண்டை போடாதே, கரண்டியைத் தேடாதே. எங்கே இருந்தாலும் கடவுள் உனக்குக் கணப்பும் நல்ல பசியும் நல்ல துணையும் தரட்டும். ஒன்று மட்டும் நீ டேலிடம் சொல்ல வேண்டும். லோட்டி அந்த முகமூடியைத் தன் ஜன்னலில் என் சமையலறையைப் பார்த்தபடி மாட்டிவைத்திருக்கிறாள், மூன்று நாளாகக் காலையில் திரையை விலக்கும்போதெல்லாம் ஒரு கோப்பை காபி என் வேட்டைச் சட்டையில்தான். எடுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். யோசித்துக்கொண்டிருக்கிறாளாம்.

இப்படிக்கு,
எதிர் ஜன்னலைப் பார்க்காமல் காபி குடிக்கப் பழகிவரும் உன் மாமன்,
ஓர்வில்